பூட் ஃபுல் ஆயிடுச்சா பாஸ்?

பார்ட்டிஷன்னா என்னன்னு பெரம்பலூர், அரியலூர் பசங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம். 2001-ல் அரியலூரைத் தனி மாவட்டமா பிரிச்சாங்க, 2002-ல் சேர்த்தாங்க, 2007-ல் மறுபடி பிரிச்சாங்க. நம்ம ஹார்ட் டிஸ்க்கே பரவாயில்லை!

அதே 2007-லதான் சென்னை சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் வந்துச்சு. 2011-ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸ் பக்கத்துலயே அதையும் போட்டுக் கொடுத்தாங்க. அக்காவோட அந்த லேப்டாப்புல இன்னும் லினக்ஸ் ஓட்டுறீங்களா? புது லேப்டாப்புல உபுண்டுவா? மேட்டர் ரெண்டு பேருக்கும்தான்.

கெர்னல் அப்டேட் ஆகும்போது பழைய கெர்னல் உடனே போயிடாது. புதுசு பக்கத்துலயே வந்து உட்காரும். உட்காருற இடம் 'பூட்' ஃபோல்டர். டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணி இன்ஸ்டால் பண்ணியிருந்தா, அது பெரும்பாலும் தனி பார்ட்டிஷன். பூட்டைத் திறக்கிற ஆள் பூட்டின வீட்டுக்குள்ளயே இருக்க முடியாதே! சிக்கல் என்னன்னா, பழைய இன்ஸ்டாலர்கள் அதுக்கு ஒதுக்கினது பல சமயம் 500 எம்பி சொச்சம்தான். ஒவ்வொரு கெர்னலோடவும் வர்ற 'இனிட்ராம்எஃப்எஸ்' ஃபைலே சில சமயம் 100 எம்பியைத் தொடும். நாலஞ்சு அப்டேட்டுல ஹவுஸ்ஃபுல்.

டிஸ்க்குல 300 ஜிபி காலியா இருக்கேன்னு கேட்காதீங்க. அரியலூர் பஸ் காலியா நின்னா துறையூர் பஸ்ல சீட் கிடைச்சிடுமா?

இப்ப அப்டேட் பாதியில நிக்கும். ரீஸ்டார்ட் பண்ணினா சில சமயம் 'கெர்னல் பேனிக்'. நாளைக்கு புராஜெக்ட் ரிவ்யூ! கடையில கொடுத்தா 'ஃபார்மட் போட்டுடலாம் தம்பி'ம்பாங்க. தயவுசெஞ்சு தலையாட்டாதீங்க. உங்க புராஜெக்ட் வேற பார்ட்டிஷன்ல பத்திரமா இருக்கு. கிரப் மெனுவுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. இதுக்காகத்தான் அதை விட்டு வெச்சிருக்காங்க.

உள்ளே வந்ததும் 'யுநேம் -ஆர்' அடிச்சு, இப்ப ஓடுற கெர்னல் எதுன்னு பாருங்க. அதுல கை வைக்கக் கூடாது. அப்புறம் 'சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. அதுவும் அடம்பிடிச்சா, ரொம்பப் பழைய கெர்னல் பேக்கேஜ் ஒண்ணை மட்டும் 'டிபிகேஜி --பர்ஜ்' போட்டுத் தூக்கிட்டு மறுபடி ட்ரை பண்ணுங்க. ஃபைலைக் கையால டெலிட் பண்ணினா, பேக்கேஜ் இன்னும் இருக்குன்னே சிஸ்டம் நினைச்சுக்கும்.

புதுசா இன்ஸ்டால் பண்றவங்க, 'பூட்'டுக்கு 1 ஜிபியாவது கொடுங்க. என்க்ரிப்ஷன் வேண்டாம்னா, பொதுவா தனிக்குடித்தனமே தேவையில்லை.