சாவி வீட்டுக்குள், கார் எங்கே? சாவியற்ற வாகனங்களின் பாதுகாப்புக் கேள்வி

ஜேர்மனியின் துறைமுக நகரான ஹம்பேர்க்கின் லொக்ஸ்ரெட் பகுதியில் என்எக்ஸ்பி நிறுவனத்தின் வளாகம் உள்ளது. 2006ஆம் ஆண்டு பிலிப்ஸிலிருந்து பிரிந்த இந்நிறுவனம், கார்ச் சாவிகளுக்கான மின்னணுச் சில்லுகளைத் தயாரிப்பதில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. அதே ஹம்பேர்க், ஜேர்மனியில் கார்த் திருட்டு அதிகம் நடக்கும் நகரங்களில் ஒன்றாகவும் இருந்து வருகிறது.

1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களில் மின்னணு இயக்கத் தடையைக் கட்டாயமாக்கியதை அடுத்துத் திருட்டுகள் பெருமளவில் குறைந்தன. சாவியைப் பையிலிருந்து எடுக்காமலேயே காரைத் திறந்து ஓட்டும் வசதி பரவியபோதுதான் திருடர்களுக்கு மீண்டும் வழி பிறந்தது.

இரகசியக் குறியீட்டை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. ஒருவர் காரின் அருகில் நின்று, அது சாவியை அழைக்கும் மெல்லிய வானொலி அலையைப் பிடித்து அனுப்புகிறார். மற்றவர் வீட்டு வாசலில் நின்று அதனை உள்ளே இருக்கும் சாவிக்கு எட்டச் செய்கிறார். கார் அருகில் இருப்பதாக நம்பிச் சாவி பதிலளிக்கிறது. கதவு திறக்கிறது, இயந்திரம் இயங்குகிறது. பாதுகாப்புக் கருதி, ஓடத் தொடங்கிய இயந்திரம் சாவி விலகியதும் நின்றுவிடுவதில்லை என்பது திருடருக்கு மேலும் வசதி.

சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இலேயே 8 நிறுவனங்களின் 10 கார் வகைகளில் இதனைச் செய்து காட்டினர். 2016இல் ஜேர்மனிய வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி சோதித்த 24 கார்களும் இந்தத் தாக்குதலுக்கு இடம்கொடுத்தன. எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. செவிசாய்க்கத் தயாரிப்பாளர்கள் அவசரப்படவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

சுமை உரிமையாளர் தலையில் விழுகிறது. உடைந்த கண்ணாடியோ, சேதமடைந்த பூட்டோ இல்லாத நிலையில், கார் திருடப்பட்டது என்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அவரே விளக்க வேண்டும்; எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கவும் வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்போருக்கு இழப்பீடே இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் தமிழர்களுக்கும் இந்தக் கவலை புதிதல்ல. கார்த் திருட்டுக்கென்றே கனடிய அரசாங்கம் 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடு கூட்ட நேர்ந்தது.

தீர்வு இல்லாமல் இல்லை. அதிஅகலக் கற்றை எனப்படும் தொழில்நுட்பம், அலை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு சாவியின் உண்மையான தூரத்தை அளக்கிறது. 2018இல் ஜாகுவார் லாண்ட் ரோவரின் சில வகைகள் இதன் உதவியுடன் ஏடிஏசி சோதனையில் தப்பின. என்எக்ஸ்பியும் 2019இல் கார்களுக்கான இத்தகைய சில்லை அறிமுகப்படுத்தியது. ஆனால் இதற்குரிய வன்பொருள் இல்லாமல் விற்கப்பட்ட பழைய கார்களில், மென்பொருளை மட்டும் மாற்றி இதனைச் சேர்க்க முடியாது. அவற்றின் உரிமையாளர்களுக்கு எஞ்சியிருப்பவை, சாவியை மூடிய உலோகப் பெட்டியில் வைப்பது, சாவியற்ற வசதியை நிறுத்திவிடுவது, இல்லையேல் பழைய இரும்புச் சுக்கான் பூட்டு.