தோற்றபின் நிற்க ஓரிடம்

வல்லரசுகள் வெற்றிக்கு மட்டுமன்று, தோல்விக்கும் திட்டமிடுகின்றன. மாகறலினின்று காஞ்சியைக் கடந்து வடக்கே சென்றால் புள்ளலூர். 1780-இல் ஐதரலியும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலப் படைத்தலைவன் பெய்லியை அங்கு முறியடித்துச் சிறைப்பிடித்தனர். காஞ்சியிலிருந்த எக்டர் மன்றோ (பின்னாள் ஆளுநர் தாமசு மன்றோ அல்லன்) தன் பெருஞ்சுடுகலன்களைக் கோவிற்குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கு ஓடினான். வெட்கக்கேடுதான். ஆயினும் ஆங்கில வணிகக் குழுவுக்குத் தோற்றபின் நிற்க ஓரிடம் இருந்தது, வங்கம். அங்கிருந்து அவ்வாண்டே பணத்தோடும் படையோடும் கூட் என்பான் கப்பலேறி வந்தான்; 1781-இல் பரங்கிப்பேட்டையில் வென்றான். ஐதரோ, ஓடிய மன்றோவை முடிக்காது ஆர்க்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். ஆர்க்காடு வீழ்ந்தது, மெய்தான். ஆனால் ஆங்கிலவன் உயிர்ப்பு ஆர்க்காட்டில் இல்லை, கடலில் இருந்தது. கீழைக்கடலில் அவ்வழியை அடைக்க ஐதரிடம் கப்பற்படை இல்லை.