செரடோனின் கதைக்கு அப்பால்

மூளையில் செரடோனின் என்ற வேதிப்பொருள் குறைந்தால் மனச்சோர்வு வரும், மாத்திரை அதை நிரப்பிவிடும் என்பது எளிமையான விளக்கம். ஆனால் சரியான விளக்கம் அல்ல. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் மருந்து நோயாளிகளுக்கு உற்சாகத்தையும் தந்தது. அந்த மருந்து கூட்டும் வேதிப்பொருள்கள்தான் சோர்வுற்றவர்களிடம் குறைந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு ஊகித்தார்கள். பாரசிட்டமாலில் தலைவலி தீர்வதால் உடம்பில் பாரசிட்டமால் குறைந்திருந்தது என்பதைப் போன்றது இது. மனச்சோர்வுக்கான ஃபுளுஆக்சிடின் மாத்திரை சில மணி நேரத்திலேயே நரம்பு இணைப்புகளில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மனம் தேறவோ வாரக்கணக்கில் ஆகிறது. மனநல மருத்துவர் ஜோஆனா மோன்கிரீஃப் குழுவின் 2022 ஆய்வுத் தொகுப்பும் குறைபாட்டுக்கு உறுதியான சான்று இல்லை என்றது.

அப்படியானால் மருந்து வீணா? இல்லை. 522 பரிசோதனைகளை அலசிய 2018 'லான்செட்' ஆய்வில், மனச்சோர்வுக்கான 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிட மேலாகவே இருந்தன; பலன் மிதமானது என்பதும் உண்மை. இருதுருவ நோயில் லித்தியத்தின் பயனை மனநல மருத்துவர் ஜான் கேட் 1949இல் காட்டினார். அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்றும் முழுதாகத் தெளிவாகவில்லை. குறைபாடு என்று சொன்னால்தான் வீட்டார் நோயாளியைச் சோம்பேறி என்று ஏசமாட்டார்கள் என்பது நியாயமான கவலைதான். ஆனால் அரைகுறை விளக்கம் பொய்த்துப்போகும் நாளில் மாத்திரையையே தூக்கிப்போடுவார்கள்; திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் படுத்தலாம். மரபு, வறுமை, இழப்பு, தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்தே மூளையை மாற்றுகின்றன என்று மருத்துவர்கள் சொல்லட்டும். மாத்திரைச் சீட்டோடு பேச்சுச் சிகிச்சைக்கும் வழிகாட்டட்டும்.