கொஞ்சம் சத்தம் இருக்கட்டுமே!



வீட்டு வரி கட்டி ரசீது வாங்கினால், மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு கணக்கு இருக்கும். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் வீதம் நாம் நூலகத்துக்குக் கட்டுகிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் நம் சென்னை மாகாணத்தில் வந்தது. அந்தச் சட்டம் கொடுத்த ஏற்பாடு இது. தேனி மாவட்டத்தின் அனுமந்தன்பட்டியோ சென்னை அண்ணாநகரோ, வரி கட்டுகிற ஒவ்வொரு வீடும் நூலகத்துக்குப் பங்குதாரர்.

சரி, பங்குதாரர் வீட்டுப் பிள்ளைகள் கடைசியாக எப்போது நூலகத்துக்குப் போனார்கள்? ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குப் படம் தேடிப் போனதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான கிளை நூலகங்களில் ஒரே ஒரு ஹால்தான். ஒரு பக்கம் பெரியவர்கள் பேப்பர் படிப்பார்கள். இன்னொரு பக்கம் டிஎன்பிஎஸ்சி-க்குத் தயாராகும் இளைஞர்கள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எட்டு வயதுப் பிள்ளை நுழைந்ததும் காதில் விழுகிற முதல் சொல், “சத்தம் போடாதே.” நாமும் நம் பங்குக்கு, “விளையாடணும்னா தெருவுல விளையாடு, லைப்ரரிக்குப் போனா படி” என்று சொல்லித்தானே அனுப்புகிறோம்?

படிப்பும் விளையாட்டும் எதிரெதிர்க் கட்சி என்று நமக்கு யார் சொன்னது?

அரசாங்கமே அந்தப் பழைய எண்ணத்தை விட்டுவிட்டது. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகள் பகுதியைப் பார்த்த பிள்ளைகள் வெளியே வர அடம்பிடிக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பாட்டும் கதையும் விளையாட்டும்தான் பாடமாக இருந்தன. அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குக் கொடுத்த குட்டிப் புத்தகங்களின் படிநிலைகளைப் பாருங்கள்: நுழை, நட, ஓடு, பற. பெயரிலேயே ஒரு துள்ளல் இல்லையா?

ஆனால் அனுமந்தன்பட்டியிலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வாரா வாரம் யார் அழைத்துப் போவது? காரியம் உள்ளூரில் நடந்தால்தான் உண்டு.

அதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். குமுளி மலை ஏறினால் கேரளம். அங்கே ஊர்க்காரர்களே கமிட்டி போட்டு நடத்துகிற நூலகங்களில், பிள்ளைகளுக்கென்று ‘பாலவேதி’ என்ற அமைப்பு இருக்கிறது. பாட்டு, நாடகம், வினாடி வினா எல்லாம் நூலகத்தின் பெயரிலேயே நடக்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் 1935-ல், பொருளாதார மந்தம் வாட்டிய காலத்தில், புத்தகத்தைப் போலவே பொம்மைகளையும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் நூலகத்தில் ஒரு பல்லாங்குழியும், ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் வரைந்த ஓர் அட்டையும், ஒரு செஸ் போர்டும் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

விளையாடிவிட்டுப் போய்விட்டால் புத்தகம் எங்கே வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் கம்பம் பள்ளத்தாக்கையே வைத்து யோசிப்போம்.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் பெயர் தெரியாத பிள்ளை இங்கே கிடையாது. ஜனவரி 15 அன்று அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிற ஊர்கள் நம்முடையவை. பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்த வீடுகளும் உண்டு. ஆனால் அணையை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால், சொத்தை விற்றுக் கட்டினார் என்று காதுவழிக் கேட்ட கதையோடு பெரியவர்களான நாமே நிறுத்திக்கொள்கிறோம்.

நூலக வாசலில் பத்துப் பிள்ளைகளிடம் களிமண்ணும் நாலு குடம் தண்ணீரும் கொடுங்கள். “மேற்கே ஓடுற தண்ணியைக் கிழக்கே திருப்புங்க பாப்போம்” என்று விட்டுவிடுங்கள். முதலில் போடுகிற கரை உடையும். அடுத்ததும் உடையும். மூன்றாவது உடையும்போது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “அவங்க மட்டும் எப்படிக் கட்டுனாங்க?”

புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். வேலை நடந்தபோது வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது, சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கலந்த காரை, மலையைக் குடைந்த சுரங்கம், நோய் தாக்கிக் காட்டிலேயே செத்துப்போன கூலித் தொழிலாளிகள், ஒருவழியாக 1895-ல் திறந்த அணை. ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கண் விரியப் படிப்பார்கள். அடுத்த வாரம் அதையே நாடகம் போடுவார்கள். வசனம் எழுத வேண்டும் என்றால் இன்னொரு புத்தகம் தேவைப்படும். அதற்கடுத்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை. படம் வரைகிறவனுக்கு அட்டை, கையெழுத்து நன்றாக இருப்பவளுக்குத் தலையங்கம்!

இதை நான் வெறும் பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. நம் வீடுகளின் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போன அம்மா திரும்பி வர இருட்டிவிடுகிறது. அப்பா திராட்சைத் தோட்டத்திலோ வயலிலோ இருப்பார். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைக்குத் துணை செல்போன்தான். போனைப் பிடுங்குவது சுலபம். பிடுங்கிய கையில் வேறு எதைக் கொடுக்கப் போகிறோம்?

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும் மந்தையும் மைதானமும் அவர்களுக்கு இல்லை என்றாகிவிடுகிறது. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற ஒரு பெண், சாயங்காலம் தன் தோழிகளோடு உட்கார்ந்து சிரித்துப் பேச ஊரில் எந்த இடம் இருக்கிறது? வீட்டில் தயக்கமில்லாமல் அனுப்பக்கூடிய ஒரே பொது இடம் நூலகம். அங்கேயும் வாயைத் திறக்காதே என்றால் எப்படி?

நூலகர் பக்கமும் நியாயம் இருக்கிறது. புத்தகம் கிழிந்தாலும் தொலைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பல இடங்களில் ஆள் அவர் ஒருவர்தான். அதனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிடக் கூடாது. வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் போதும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவர்களில் ஒருவரே கதை சொல்ல முன்வந்தாலும் ஆச்சரியமில்லை. ஓய்வுபெற்ற டீச்சர், தெருக்கூத்துத் தெரிந்த தாத்தா, காகிதத்தில் பொம்மை செய்கிற அக்கா என்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கூப்பிடுவதற்கு நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. அதில் சேருங்கள். பெயரளவில் இருந்தால் உயிர் கொடுங்கள். வசதி உள்ளவர்கள் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம். வசதி இல்லாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் கேரம் போர்டையோ பழைய கலர் பென்சில்களையோ கொடுக்கலாம்.

எங்கள் பங்குக்கு ஓர் அறிவிப்பு. உங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை தயாரித்தால் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. நல்லதைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கையெழுத்திலேயே மாதம் ஒரு பக்கம் வெளியிடுகிறோம். முதல் பத்திரிகை எந்த ஊரிலிருந்து வரப்போகிறது?

அன்புடன்,
ஆசிரியர்