கறைபடாத கைகளும் வெந்துபோன புழுக்களும்

ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தில் தோப்ரா என்றொரு சிற்றூர் உண்டு. இன்று டெல்லியின் ஃபிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண் முன்பு அங்கேதான் நின்றது. 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் அதைப் பெயர்த்து டெல்லிக்குக் கொணர்ந்தார். அத்தூணிலுள்ள ஐந்தாம் கட்டளை, அசோகர் முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் பிறப்பித்தது. கொல்லலாகாத உயிர்களின் நீண்ட பட்டியல் ஒன்று அதில் வருகிறது. கிளி, மைனா, வௌவால், ஆமை ஆகியவற்றோடு, ராணி எறும்பு என்று அறிஞர் பலர் பொருள்கொள்ளும் ஒரு சொல்லும் அப்பட்டியலில் உண்டு. பட்டியல் முடிந்தபின் இன்னொரு விதியும் வருகிறது: உயிர்கள் குடியிருக்கும் உமியைக் கொளுத்தக் கூடாது.

இன்று அத்தூண் புறப்பட்டு வந்த நிலமெங்கும் நெல்லும் கோதுமையும் மாறிமாறி விளைகின்றன. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், அறுவடை எந்திரம் விட்டுச்சென்ற நெற்தாள் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயலிலேயே கொளுத்தப்படுகிறது. புகை டெல்லியை மூடும்போது அசோகரின் தூணையும் சேர்த்தே மூடுகிறது. நீதிமன்றங்கள் கேள்வி எழுப்புகின்றன; கருத்தரங்குகள் கூடுகின்றன. மனித நுரையீரல் பற்றிய அந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தத் தாளின் அடியில் இருந்த சிலந்தியும் வண்டும் தத்துக்கிளியும் மேல்மண்ணின் புழுக்களும் எரிந்துபோயின என்பது அந்த விவாதங்களில் ஒரு தகவலாகக்கூட அரிதாகவே வருகிறது. வந்தாலும் 'மண்வளம் கெடும்' என்ற கணக்காக வருகிறது. 2,200 ஆண்டுகளுக்கும் முன்னர் அரசாணையில் இடம்பெறத் தகுதி பெற்றிருந்த உயிர்கள், இன்றைய அறிவுலகின் கருத்தில் இடம்பெறத் தகுதியற்றவையாகிவிட்டன.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று தயாராக இருக்கிறது: நவீனம் வந்தது, மேற்கு வந்தது, நம் மரபுக் கருணை அழிந்தது. இந்த விளக்கம் ஆறுதலானது, ஆகவே ஐயத்துக்குரியது. சிற்றுயிர் மீதான கருணை இந்த நாட்டில் சீர்குலைந்தது அந்நியர் கையால் அன்று. அது உள்ளேயே, மிக முன்னரே, வேறொன்றாக மாற்றப்பட்டது. அந்த வேறொன்றின் பெயர் தூய்மை. கருணை கேட்கும் கேள்வி, 'அந்த உயிருக்கு என்ன ஆயிற்று?' தூய்மை கேட்கும் கேள்வி, 'அதில் என் கை பட்டதா?' முதற்கேள்வியின் கவனம் உயிர்மீது இருக்கிறது. இரண்டாவதின் கவனம் கேட்பவர்மீதே இருக்கிறது. இரண்டுக்கும் அகிம்சை என்ற ஒரே சொல் வழங்கிவந்ததுதான் இந்தியச் சிந்தனையின் மிகப் பழைய மயக்கங்களுள் ஒன்று.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் உழவைப் பற்றிச் சொல்வதைப் பார்க்கலாம். இரும்பு முனை பொருத்திய மரம் நிலத்தையும் நிலத்தில் வாழும் உயிர்களையும் காயப்படுத்துகிறது. ஆகவே மேல்வருணத்தார் உழவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. மேலோட்டமாகப் படிப்பவருக்கு மண்புழுவின் வலியை உணர்ந்த வாசகமாக இது தோன்றும். ஆனால் உழவு நின்றுவிட வேண்டும் என்றோ, விளைந்த சோற்றை மறுக்க வேண்டும் என்றோ அது கூறவில்லை. உழவு நடக்கும்; உயிர்கள் சாகும்; சோறு இலைக்கு வரும். பாவம் மட்டும் ஏர் பிடித்தவனின் கணக்கில் எழுதப்படும். மண்புழுவின் சாவு இங்கே ஒரு மனிதனைத் தாழ்த்துவதற்கான சான்றாகவே பயன்பட்டது. புழுவுக்கு அதனால் எள்ளளவும் நன்மை விளையவில்லை.

இதே தருக்கம் பட்டிலும் தோலிலும் இன்னும் வெளிப்படையாக இயங்குகிறது. மல்பெரிப் பட்டுக்கூடு ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அறுபடாத இழை இருக்கும். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துபோகும். எனவே அது வெளிவருமுன் கூட்டுப்புழுவை ஆவியிலோ வெப்பத்திலோ கொன்றாக வேண்டும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு கிலோ கூடு தேவை. எண்ணினால் சில ஆயிரம் உயிர்கள். இந்தியா ஆண்டுக்கு 30,000 டன்னுக்கும் மேல் கச்சாப் பட்டு உற்பத்தி செய்கிறது. இவ்வாறு பிறந்த துணிதான் பூசைக்கும் திருமணத்துக்கும் உகந்த தூய ஆடை. தானே செத்துப்போன மாட்டை உரித்த தோலோ தீட்டு. 2016 ஜூலையில் குஜராத்தின் உனா அருகே, இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். எவரும் கொல்லாத விலங்கின் தோலைத் தொட்டவருக்குச் சாட்டை; ஆயிரக்கணக்கில் வேகவைத்த உயிர்களின் நூலை உடுத்தியவருக்கு முதல் மரியாதை. இதில் கருணை எங்கே இருக்கிறது?

வடகிழக்கில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அஸ்ஸாமின் எரிப் பட்டுக்கூடு ஒருமுனை திறந்தது. புழுவைக் கொல்லாமலே அதிலிருந்து நூல் நூற்க முடியும். அதனாலேயே அது நகரச் சந்தையில் 'அகிம்சைப் பட்டு' என விற்கிறது. ஆனால் அங்கு எரி வளர்க்கும் சமூகங்கள் பலவற்றில் அதன் கூட்டுப்புழு விருப்பமான உணவு. புழுவைத் தின்பவரை அருவருப்போடு நோக்கும் பெருநகரக் கண்கள், புழுவை வேகவைத்து நூலை எடுத்துக்கொண்ட உடையை அழகென்கின்றன. அந்த அருவருப்பு புழுவின் பொருட்டு எழுந்ததன்று.

இவ்விமரிசனத்தைச் சமணத் துறவுநெறி மீது அப்படியே ஏற்றிவிடுவது நேர்மையாகாது. மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகுவதால் நான்கு மாதம் பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவதும், அமருமுன் தரையை மென்துடைப்பத்தால் நீவுவதும் துறவி தன்மேல் தானே ஏற்றுக்கொண்ட சுமைகள். குஜராத்தின் பாஞ்சராபோல் எனப்படும் விலங்கு காப்பகங்கள் சிலவற்றில், தானியத்திலிருந்து பொறுக்கிய பூச்சிகளை வைத்துக் காக்கவென்றே தனி அறைகள் இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். இவற்றைக் கண்டு நகைப்போர் உண்டு. நகைப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம்: அங்கே இடமும் தானியமும் உழைப்பும் பூச்சிக்காகச் செலவிடப்பட்டன. கருணைக்குச் செலவு உண்டு, அச்செலவைக் கருணை காட்டுபவரே ஏற்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. தூய்மை தன் செலவை எப்போதும் வேறொருவர் தலையில் கட்டும்.

பல்கலைக்கழகம் இந்நோயிலிருந்து விடுபட்ட இடமா? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கு என்பதற்கு மனிதர் நீங்கலான எந்த உயிரும் என்று பொருள் வரையறுக்கிறது. அதன்படி எறும்பும் விலங்கே. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, பெரிய விலங்குகளில் செய்யும் சோதனையை முயல், தவளை, எலி போன்ற சிறிய விலங்குகளில் செய்து அதே முடிவை எட்ட முடியுமானால் பெரியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. உருவம் சிறுத்தால் உரிமையும் சிறுக்கும் என்ற படிநிலை சட்டத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. நடைமுறை இன்னும் ஒரு படி கீழே செல்கிறது. எலிக்கு நெறிமுறைக் குழு, படிவம், எண்ணிக்கை, காரணம் எல்லாம் உண்டு. பழ ஈக்கும் கரப்பானுக்கும் வெட்டுக்கிளிக்கும் பொதுவாக இவற்றுள் எதுவும் இல்லை. எத்தனை, எவ்வாறு, எதற்காக என்று கேட்பாரில்லை. விலங்கு அறுப்பைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இலும் 2014இலும் நடவடிக்கை எடுத்தது. அந்தக் கேள்வியை அதன் முடிவுவரை கொண்டுசெல்லும் துணிவு ஆய்வுலகுக்கு இன்னும் வரவில்லை. நிரப்ப வேண்டிய படிவம் நிரப்பப்பட்டது; ஆகவே ஆய்வு தூயது. பழைய தீட்டுக் கணக்கு இப்போது மூன்று பிரதிகளில் கையொப்பமிடப்படுகிறது.

பூச்சிக்கு வலி உண்டு என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்கலாம். அது நல்ல கேள்வி. முடிவான விடை இன்னும் எட்டப்படவில்லை. ஆனால் சான்றின் திசை மாறிவிட்டது. உணவோ வேறு பரிசோ கிடைக்காதபோதும் பம்பிள் தேனீக்கள் சிறு உருண்டைகளை மீண்டும் மீண்டும் உருட்டுவதை லண்டனில் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்குழு 2022இல் வெளியிட்டது. அதை விளையாட்டு என்றே அக்குழு கருதியது. பூச்சிகள் உட்பட முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றுக்கும் உணர்வனுபவம் இருப்பதற்கு மெய்யான சாத்தியம் உண்டு என 2024இன் நியூயார்க் பிரகடனத்தில் அறிவியலாளர்களும் தத்துவவியலாளர்களும் கையொப்பமிட்டனர். இந்தியாவிலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கதக்கர் பல்லாண்டுகள் ஒரே குளவி இனத்தை ஆராய்ந்தவர். ஒவ்வொரு குளவியின் உடலிலும் வண்ணப் புள்ளியிட்டு அதைத் தனி உயிராக அடையாளங்கண்டது அவர் ஆய்வுமுறை. 'பூச்சிகள்' என்ற பன்மைக்குள் கரைந்துபோன ஒன்று, 'இந்தக் குளவி' என்ற ஒருமையாக மாறுவது அந்தப் புள்ளியில்தான். ஐயம் இருக்கும் இடத்தில் அந்த ஐயத்தின் பயனை உயிருக்கு அளிப்பதா, ஆய்வாளரின் வசதிக்கு அளிப்பதா என்பது அறிவியல் முடிவு செய்யும் கேள்வியன்று.

பூச்சிகளுக்காகப் பேசுவோரும் பெரும்பாலும் தவறான வாதத்தையே கையிலெடுக்கின்றனர். தேனீ மகரந்தம் சேர்க்கிறது, தட்டான் கொசுவைத் தின்கிறது, ஆகவே காப்போம் என்கின்றனர். ஜெர்மனியின் காப்புப் பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் 75 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததென 2017இல் வெளியான ஆய்வைக் கண்டு உலகம் திடுக்கிட்டதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இந்தக் கவலை உண்மையானது, தேவையானது. ஆனால் இது கருணையன்று, வரவுசெலவு. மகரந்தம் சேர்க்காத பூச்சிக்கு இக்கணக்கில் இடமில்லை. பயன்படுவோரை மட்டும் பேணும் அறம், மனிதரிடத்தில் எத்தகைய சமூகத்தை உண்டாக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மிக வலிமையான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. கழிவுநீர்க் குழிக்குள் மனிதர் மூச்சுத்திணறிச் சாகும் நாட்டில் எறும்புக்காக இரங்குவது ஆபாசம் என்கிறது அது. எறும்புக்கு மாவிட்டு மனிதரைத் தெருவுக்குள் விடாத அக்கிரகாரங்களையும் வீடுகளையும் கண்ட வரலாறு அந்தக் கோபத்துக்கு முழு நியாயம் தருகிறது. ஆனால் அக்கோபத்தின் இலக்கு கருணையாக இருக்க முடியாது. கருணையின் வேடமிட்ட தூய்மையே அதன் இலக்கு. மொழியைக் கவனித்தால் இது விளங்கும். இந்தியில் 'கீடே-மகோடே' என்ற இரட்டைச் சொல் பூச்சிபுழுக்களையும் குறிக்கும், மதிப்பற்றவராக நடத்தப்படும் மனிதரையும் குறிக்கும். தமிழில் 'புழு பூச்சியைப் போல' என்ற உவமை செய்யும் வேலையும் அதுவே. ருவாண்டாவில் 1994இன் படுகொலைக்கு முன் வானொலி துட்சி மக்களைக் கரப்பான்கள் என்றழைத்தது. 2018இல் இந்தியத் தேர்தல் மேடைகளில் குடியேறியோர் கரையான்கள் எனப்பட்டனர். நசுக்கப்படலாம், கேட்பாரில்லை என்ற பொருள் பூச்சியின் பெயரில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருப்பதால்தான் அப்பெயரை மனிதர்மேல் எறிய முடிகிறது. அந்தச் சேமிப்பு தீரும்வரை மனிதருக்கும் பாதுகாப்பில்லை.

நஞ்சும் பூச்சியோடு நின்றுவிடுவதில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த ஏறத்தாழ 20 பேர் நச்சேறி இறந்தனர். மருந்துத் தெளிப்பானை முதுகில் சுமந்தவர் நிறுவனத்தின் பங்குதாரரும் அல்லர், பருத்தி ஆடையை வாங்கியவரும் அல்லர். பூச்சியைக் கொல்லும் வேலையும் அவ்வேலையில் சாகும் கடமையும் ஒருவருக்கே ஒப்படைக்கப்பட்டன. ஏர் பிடித்தவன்மேல் பாவத்தை எழுதிய அதே கை, இங்கும் கறைபடாமல் இருக்கிறது.

மலேரியாவும் டெங்குவும் உள்ள நாட்டில் கொசுவைக் கொல்லாதிருக்க முடியுமா என்போருக்கு விடை எளிது: முடியாது, கூடவும் கூடாது. உயிர்காக்கக் கொல்ல நேரும் இடங்கள் உண்டு. கருணை கேட்பது தேவைக்கும் தேவையின்மைக்கும் இடையிலான கோட்டை நேர்மையாக வரையச் சொல்கிறது. தேங்கிய நீரை அகற்றுவது கொசுவைப் பிறக்கவிடாமல் தடுக்கும். தெருவெங்கும் புகையடிப்பது எதிர்ப்பட்ட அனைத்தையும் கொல்லும். முன்னது தினசரி உழைப்பு, பின்னது கண்காட்சி. மாநகராட்சிகள் எதை விரும்புகின்றன என்பது மழைக்காலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே ஆய்வுலகம் முதலில் தன் முற்றத்திலிருந்து தொடங்கட்டும். முதுகெலும்பற்ற உயிர்களைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வும் எண்ணிக்கையையும் கொல்லும் முறையையும் பதிவுசெய்யட்டும். குறைந்த எண்ணிக்கையில் முடியாதா என்று ஒருவராவது கேட்கட்டும். பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கும் மாணவர் ஒப்படைப்பு, வகைப்பாட்டியலுக்கு மெய்யாகவே தேவைப்படாத இடங்களில், ஒளிப்படத்துக்கும் களக்குறிப்புக்கும் வழிவிடட்டும். எலி ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் துடிக்கும் பசை அட்டைகளுக்கு எதிராக இந்திய விலங்கு நல வாரியமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. விடுதிகளிலும் நூலகங்களிலும் அவற்றைத் தடைசெய்ய ஒரு சுற்றறிக்கை போதும். ஈசல் பறக்கும் இரவுகளில் ஆளில்லாத கட்டடங்களின் விளக்கை அணைப்பதற்கு அதுவும் வேண்டாம்.

நெற்தாள் பற்றிய அடுத்த கருத்தரங்கில், புகைக்கும் நுரையீரலுக்கும் அடுத்தபடியாக, தாளுக்குள் இருந்தவை பற்றியும் ஓர் அமர்வு இருக்கட்டும். ஆனால் அந்த அமர்வு உழவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக முடியக் கூடாது. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அவருக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். நிலத்தடி நீரைக் காக்கவென 2009இல் பஞ்சாப் இயற்றிய சட்டம் நடவைத் தள்ளிவைத்ததால் அந்த இடைவெளியும் சுருங்கியது. தாளை எரிக்காமலே அதனூடே கோதுமை விதைக்கும் ஹாப்பி சீடர் போன்ற எந்திரங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான வாடகையையும் எரிபொருளையும் யார் ஏற்பது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. அரிசியை உண்பவர்கள் அச்செலவில் பங்கேற்க முன்வராதவரை, எரியும் வயலைக் கண்டு அவர்கள் முகஞ்சுளிப்பதைக் கருணை என்று அழைக்க முடியாது.