எவர் பக்கம் கை தட்டுவது?

பங்குனி பிறந்துவிட்டால் நம் தாராவித் தெருக்களில் இரண்டு நிறங்கள் தலைகாட்டத் தொடங்கிவிடும். தேநீர்க்கடை வாயிலிலும், தையற்கூடத்துப் படிக்கட்டிலும், 90 அடிச் சாலையின் ஓரத்திலும் இளைஞர்கள் சிலர் மஞ்சள் சட்டையுடனும் சிலர் நீலச் சட்டையுடனும் நிற்கக் காண்கிறோம். மஞ்சள் சென்னை அணிக்கு; நீலம் மும்பை அணிக்கு. 2008-ஆம் ஆண்டில் ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயங்கள் தொடங்கிய நாள்தொட்டு இக்காட்சி நமக்குப் பழகிப்போயிற்று. வெறும் விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்நிறங்கள் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்து, தந்தையை ஒரு மூலையிலும் மகனை ஒரு மூலையிலும் அமர்த்திவிடுகின்றன. ஆகவே இத்திங்கள் இதைக் குறித்தே அன்பர்களோடு சிறிது உரையாட விரும்புகிறோம்.

நம் அண்டை வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லித் தொடங்குவோம். 2019-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இரவு. ஐதராபாத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் இறுதி ஆட்டம். மும்பை அணி 149 ஓட்டங்கள் எடுத்திருந்தது. கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ஓட்டங்கள் தேவை. பந்து வீசியவர் இலங்கையின் மலிங்கா. 80 ஓட்டங்கள் குவித்து அணியைத் தாங்கி நின்ற வாட்சன் நான்காம் பந்தில் ரன் அவுட் ஆனார். அடுத்து வந்தவர் சர்துல் தாக்கூர். ஐந்தாம் பந்தில் அவர் இரண்டு ஓட்டங்கள் எடுத்தார். இறுதிப் பந்தில் இரண்டு எடுத்தால் வெற்றி. ஒன்று எடுத்தால் சமநிலை. பந்து அவர் காலில் பட்டது. நடுவரின் விரல் உயர்ந்தது. ஒரே ஓட்டத்தில் கோப்பை மும்பைக்குப் போயிற்று.

அதே கணத்தில் அவ்வீட்டு மகன் துள்ளிக் குதித்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே பிழைப்புத் தேடி வந்த தந்தையார் எழுந்து நின்று, "ஏலே, சொந்த ஊரு தோத்ததுக்கா இந்தக் குதி குதிக்க?" என்று கேட்டார். மகன் தயங்காமல், "எனக்குச் சொந்த ஊரு இதுதானப்பா" என்றான். அவ்வளவுதான். இரண்டு நாட்கள் அவ்வீட்டில் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சில்லை. மூன்றாம் நாள் பெரியவர் நம்மிடம் வந்து, "பத்திரிகையில எழுதுறவுக நீங்க. யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க, அண்ணாச்சி" என்றார். அன்று நாம் சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டோம். இன்று அம்மகனுக்கே ஒரு மகன் பிறந்து வளர்ந்து நிற்கிறான். பாட்டனார் மஞ்சள் சட்டையும் தகப்பனார் நீலச் சட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு அச்சிறுவனை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றனர். இனியும் மழுப்புவது முறையன்று.

விளையாட்டில் இத்துணை மனவருத்தம் ஏன் விளைகிறது என்பதை முதலில் காண்போம். 2011 முதல் ஐ.பி.எல். பந்தயத்தின் முடிவுக்கட்டம் பிளே ஆஃப் என்னும் முறையில் நடைபெறுகிறது. நீண்ட சுற்றில் முதல் நான்கு இடங்களைப் பெற்ற அணிகளே அதில் ஆடும். முதல் இரண்டு அணிகளுக்கு, ஒரு முறை தோற்றாலும் மறு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் அணிகளுக்கோ ஒரு தோல்வியே வழியனுப்பு விழாவாகிவிடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் பனித்தள ஹாக்கிப் பந்தயங்களில் பிளே ஆஃப் சுற்று ஒவ்வொன்றும் ஏழு ஆட்டங்கள் வரை நீளும். நான்கில் வென்றவரே முன்னேறுவார். இன்று தோற்றவன் நாளை மறுநாள் தீர்த்துக்கொள்ளலாம். நம் இறுதி ஆட்டமோ ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. தோற்றவன் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் எதிர்வீட்டுக்காரனின் புன்னகையைத் தாங்கவும் வேண்டும்.

இனித் தந்தையின் வழக்கைக் கேட்போம்.

சென்னையும் மும்பையும் ஐ.பி.எல். இறுதியில் நான்கு முறை மோதின. 2010-இல் சென்னை வென்றது. 2013, 2015, 2019 ஆகிய மூன்றிலும் மும்பை வென்றது. ரஞ்சிக் கோப்பையின் கதையோ இதனினும் கசப்பு. 1967–68, 1972–73, 2002–03, 2003–04 ஆகிய பருவங்களின் இறுதி ஆட்டங்களில் நம் மாநிலத்து அணியை வீழ்த்திக் கோப்பையை எடுத்துக்கொண்டது இந்நகர அணியே. அவற்றுள் 1973-இல் சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தைப் பழைய ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். வெங்கடராகவனும் வி. வி. குமாரும் பந்தைச் சுழற்றினர். பம்பாய் அணி 151-க்கும் 113-க்கும் சுருண்டது. ஆனால் சிவால்கர் எதிர்ச்சுழல் வீசியபோது நம்மவர் 80-க்கும் 61-க்கும் வீழ்ந்தனர். நம் மண்ணில், நமக்கேற்ற ஆடுகளத்தில், மூன்றாம் நாளின் முதற் பந்தோடு கதை முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ச்சியாகப் பதினைந்தாம் கோப்பை.

ஆயினும் தந்தையின் நெஞ்சில் கிடப்பது கணக்கு மட்டுமன்று. 1960-களின் பிற்பகுதியில் இந்நகரில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்ததையும், வேட்டி கட்டி வீதியில் நடக்கவும் தமிழர் அஞ்சிய நாட்களையும் நம் முதியோர் அறிவர். இரயில் பெட்டியில் தமிழில் உரக்கப் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த தலைமுறை அது. அக்கிளர்ச்சி ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. ஆனால் அடங்கிப் பேசிப் பழகிய குரல் அவ்வளவு எளிதில் உயர்ந்துவிடாது. அத்தகைய ஒருவர், சென்னை அணி வெல்லும் இரவில் தெரு நடுவே நின்று தமிழில் கூவுகிறார். அதை எவரும் குற்றமென்று கொள்வதில்லை. பல ஆண்டுகள் தொண்டைக்குள் வைத்திருந்த குரலை அன்றொரு நாள் அவர் வெளியே விடுகிறார். மஞ்சள் சட்டை அவருக்கு அளிக்கும் இன்பம் இதுவே.

2018-ஆம் ஆண்டை இங்கு நினைவூட்டலாம். காவிரி நீர்ப் போராட்டம் சூடுபிடித்திருந்த அந்த ஏப்ரலில், சென்னையில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. எஞ்சிய சொந்த ஊர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. சென்னையிலிருந்து தனி இரயிலில் ரசிகர்கள் புனேக்கு வந்து இறங்கினர். பிழைப்புக்காக மராட்டிய மண்ணுக்குக் குடிபெயர்ந்தவர் நாம் மட்டுமல்லர். அவ்வாண்டு சென்னை அணியும் நம்மைப்போல் குடிபெயர்ந்தது! குடிபெயர்ந்த அவ்வணி மே 27 அன்று இம்மும்பையின் வான்கடே அரங்கிலேயே கோப்பையை வென்றது. வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்தார். அன்றிரவு நம் தெருக்களில் ஒலித்த விசில் ஓசையைக் கேட்டவர்கள், அதில் கிரிக்கெட்டினும் மேலானது ஏதோ கலந்திருந்ததை உணர்ந்திருப்பார்கள்.

இப்போது மகனின் வழக்கு.

இவன் இங்கே பிறந்தான், இங்கே படித்தான். மட்டை பிடிக்கக் கற்றதும் இவ்வூர்ச் சந்தில்தான். சந்தின் சுவரில் கரிக்கோட்டால் வரைந்த மூன்று குச்சிகளே அவனுடைய முதல் விக்கெட். அவனோடு ஆடியவர்களுள் மராட்டியரும் குசராத்தியரும் உத்தரப் பிரதேசத்தவரும் இருந்தனர். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்களைக் காண இலட்சம் பேர் கூடும் அரங்குகள் உள்ளன. தாம் படித்த கல்லூரியின் அணிக்காக எழுபது வயதிலும் தொண்டை கிழியக் கத்துவோர் அங்கே ஏராளம். அவர்கள் எந்த மாநிலத்தில் பிறந்தனர் என்று எவரும் வினவுவதில்லை. வளர்ந்த இடத்தின் மீது பற்று வைப்பது மனித இயல்பு. கனடாவின் டொராண்டோ நகரில் குடியேறிய நம்மவரின் பிள்ளைகளும் அந்நகரின் பனித்தள ஹாக்கி அணியைத் தம் அணியாகக் கொண்டு கொண்டாடுகின்றனர். அவ்வணியோ 1967-க்குப் பின் 2025 வரை ஸ்டான்லி கோப்பையை ஒரு முறையும் வென்றதில்லை! தோற்கும் அணியை நேசிப்பவன் புகழுக்காக நேசிக்கவில்லை. அது தன் ஊர் என்பதால் நேசிக்கிறான்.

1990-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசியல்வாதி நார்மன் டெபிட் என்பார், ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் எந்த நாட்டு அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் பற்றை அளக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். அது 'கிரிக்கெட் சோதனை' என்று பெயர் பெற்றுப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. வெளியார் ஒருவர் நம்மிடம் அச்சோதனையை வைத்தால் நாம் சினம் கொள்வோம். ஆனால் நம் வீட்டுக்குள் நம் பிள்ளைகளுக்கு அதே சோதனையை நாமே வைக்கிறோம் அல்லவா? "மும்பைக்குக் கை தட்டுகிறாயே, நீ தமிழனா?" என்ற கேள்வி, டெபிட் கேட்ட கேள்வியின் மறுபாதியன்றி வேறென்ன?

ஆடுகளத்தில் நிற்பவர்கள் இந்தக் கோட்டை எவ்வளவு மதிக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுவோம். 2024 மார்ச் 2-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் மும்பையும் தமிழ்நாடும் மோதின. ஆட்டம் நடந்தது பாந்திரா–குர்லா வளாகத்து மைதானத்தில். அதாவது, மித்தி ஆற்றைத் தாண்டினால் நம் வாயிலுக்கு எதிரே. தமிழ்நாடு 146 ஓட்டங்களில் முடங்கியது. எனினும் தலைவர் சாய் கிஷோரின் சுழலில் மும்பை 7 விக்கெட்டுகளை இழந்து 106 என்று தத்தளித்தது. நம் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் அது. அப்போது மட்டையோடு இறங்கியவர் எவர்? அதே சர்துல் தாக்கூர்! ஐதராபாத்தில் சென்னைக்காகக் கடைசிப் பந்தை எதிர்கொண்டு கலங்கி நின்றவர், இங்கே மும்பைக்காக 109 ஓட்டங்கள் விளாசினார். முதல்தர ஆட்டத்தில் அது அவருடைய முதல் சதம். இறுதியில் இன்னிங்சும் 70 ஓட்டங்களும் என்ற வேறுபாட்டில் தமிழ்நாடு மூன்றே நாளில் தோற்றது.

இன்னும் கேளுங்கள். அன்று மும்பைக்காக ஆடிய சிரேயஸ் ஐயர் நம் செம்பூரில் பிறந்தவர். தந்தை வழியில் தமிழ்க் குடும்பத்தவர். அவரை 3 ஓட்டங்களில் வீழ்த்திய சந்தீப் வாரியர் தமிழ்நாட்டு அணியினர். பிறந்ததோ கேரளத்துத் திருச்சூர். தமிழ்நாட்டு அணிக்குப் பயிற்சியளித்த சுலட்சண் குல்கர்ணி, ஒரு காலத்தில் மும்பைக்கு விக்கெட் காத்தவர். மும்பைக்குத் தலைமை தாங்கிய ரகானேயும், சதமடித்த தாக்கூரும், கடைசி விக்கெட்டுக்குத் துணை நின்று நம்மவரைச் சோர்வடையச் செய்த துஷார் தேஷ்பாண்டேயும் அந்த ஆண்டு ஐ.பி.எல். பருவத்துக்கு மஞ்சள் சட்டை அணிந்து சென்னை அணியினராயினர்! சென்னையில் குசராத்திக் குடும்பத்தில் பிறந்த ஹேமங் பதானி, தமிழ்நாட்டுக்காக ஆடி இந்திய அணி வரை உயர்ந்ததையும் நாம் அறிவோம். ஆட்டக்காரர்கள் இருபுறமும் சென்று வருகிறார்கள். அவர்களைக் காட்டித் தகப்பனும் பிள்ளையும் பேசாதிருப்பது என்ன நியாயம்?

ஆகவே, அன்று மழுப்பிய தீர்ப்பை இன்று சொல்லிவிடுகிறோம். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. தந்தை மஞ்சள் சட்டையில் தம் மொழியை உரக்கப் பேசும் உரிமையைக் காண்கிறார். மகன் நீலச் சட்டையில் இந்நகரைத் தன் ஊர் என்று சொல்லும் உரிமையைக் காண்கிறான். இரண்டும் நம் சமூகத்துக்கு வேண்டியவையே. அந்த அரையிறுதி நடந்த அதே மார்ச் மாதத்தில்தான் தாராவிச் சீரமைப்புக்கான கணக்கெடுப்பும் தொடங்கிற்று. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்பே இங்கிருந்தோம் என்பதற்குக் காகிதங்களைத் தேடிப் பெட்டிகளைக் கிளறிய நாட்களை நாம் அறிவோம். இவ்வூரார் என்று மெய்ப்பிக்க இத்தனை அலைச்சல் இருக்கையில், "இது என் ஊர்" என்று எவரும் கேளாமலே ஒரு பிள்ளை கூவினால், அதைத் துரோகம் என்று தகப்பனே சொல்லலாமா? அப்பிள்ளைக்கு அந்த உரிமையைத் தேடித் தந்தது அத்தகப்பனின் உழைப்பே அன்றோ!

மகன்மாருக்கும் ஒரு சொல். வெற்றி பெற்ற இரவில் பெரியவர் முகம் வாடியிருந்தால் அவரெதிரே குதிக்க வேண்டாம். அவர் தோற்றது ஓர் ஆட்டத்தில் மட்டுமன்று என்பதை நீங்கள் அறியவேண்டும். அருகில் அமர்ந்து, அவர் வந்த நாட்களைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த ஆட்டம் வரும்வரை பேச அவரிடம் செய்தி உண்டு.

அந்தச் சிறுவன் எந்தச் சட்டையை அணிவான் என்பதை அவனே முடிவு செய்யட்டும். 2025 வரை இரு அணிகளும் ஆளுக்கு ஐந்து ஐ.பி.எல். கோப்பைகளோடு சமநிலையில் நிற்கின்றன. பாட்டனாரும் தகப்பனாரும் சண்டையிடப் பருவங்கள் இன்னும் பல உள்ளன. சண்டை நடக்கட்டும், பேச்சு மட்டும் நிற்காதிருக்கட்டும்.