முதுமைக்கு ஏன் இந்தத் தடையாணை?

"இந்த வயசுல எதுக்குங்கப்பா ஊர் சுத்தறீங்க?" கொங்கு நாட்டு இல்லங்களில் மிகுந்த மரியாதையோடு எழுப்பப்படும் இக்கேள்வி, உண்மையில் கேள்வியன்று, தடையாணை.

மகளின் பேறுகாலம் பார்க்கத் தாயை அமெரிக்காவுக்கு வானூர்தியில் ஏற்றும்போது அவரது மூட்டுவலி எவர் நினைவுக்கும் வருவதில்லை. அதே தாய், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் மலை இரயிலில் போய்வர விரும்பினால் மட்டும் மூட்டுவலி வந்துவிடுகிறது! வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை என்றால் அனுமதி உண்டு. கடல் பார்க்க ஆசை என்றால் ஏளனமே மிஞ்சும். ஆகவே முதியோர் தம் ஆசையை நேர்ச்சைக்குள் ஒளித்து வைக்கின்றனர். திருப்பயணத்தைச் சாக்குப்போக்காக்கிய குற்றம் அவர்களுடையதா, நம்முடையதா?

நாற்பதைக் கடந்தோர் தம் உண்மை வயதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இளமையாகத் தம்மை உணர்கின்றனர் என்று டென்மார்க்கில் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அக்கணக்கின்படி 65 வயதினரின் உள்ளத்துக்கு வயது 52. ஓய்வெடுக்க மட்டும் அவ்வுள்ளம் பயணம் நாடுவதில்லை. புதியதைக் காண, நண்பரோடு சிரித்து மகிழ, 'பேரப்பிள்ளையின் தாத்தா' என்ற அடையாளத்தைச் சில நாள் இறக்கிவைக்கவும் நாடுகிறது. இது வயதை மறுக்கும் வீம்பன்று. எஞ்சிய வாழ்வை ஏற்கும் நன்றியுணர்வு.

"உள்ளம் இளமையானாலும் உடல் இளமையா? வெள்ளியங்கிரி ஏறி மூச்சுத் திணறுவோர் இல்லையா?" என்பர் சிலர். நியாயமான அச்சமே. ஆனால் அதற்கு விடை தடையன்று, ஏற்பாடு. மருத்துவரின் ஆலோசனை, இரயிலில் கீழ்ப்படுக்கை, அவசரமற்ற பயணத் திட்டம், உடன்செல்ல ஒருவர்: இவற்றைச் செய்து தருவதே பிள்ளைகளின் கடமை.

அரசுக்கும் கடமை உண்டு. 60 வயது கடந்த ஆடவர்க்கு 40 விழுக்காடும், 58 கடந்த பெண்டிர்க்கு 50 விழுக்காடும் இருந்த இரயில் கட்டணச் சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. தொற்று ஓய்ந்து ஆண்டுகள் கடந்தும் சலுகை திரும்பவில்லை. ஓய்வூதியம் இல்லாத விசைத்தறித் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இது வீட்டுக் கதவை வெளியே பூட்டியதற்கு ஒப்பாகும்.

ஆபிரகாம் இறைவனின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. "இந்த வயதில் எதற்கு?" என்று அவரை இறைவன் கேட்கவில்லை. நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்? அடுத்த முறை தந்தை இரயில் நேரம் விசாரித்தால், காரணம் கேளாமல், "போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லிப் பயணச்சீட்டை அவர் கையில் கொடுப்போம்.